பழுப்புக் கோட்டு

இந்த ஊரில் யாரும் உன் சுடிதாரைப் பார்ப்பதில்லை.
ஸ்வெட்டரைத்தான் பார்க்கிறார்கள்,
மே மாதத்திலும்.
என்னுடையது மெரூன்.
பள்ளிக்கூடத்து மெரூன்.
நெஞ்சில் பேட்ஜைப் பிரித்தெடுத்த இடம் மட்டும்
வெளுக்காமல் பளிச்சென்று
கேடயம் மாதிரி நிற்கும்.

மூன்றாம் வருஷம் பி.காம்.
காத்தாடிமட்டம் பஸ்ஸில் கண்டக்டர்
"பாப்பா, உள்ள போ" என்கிறார்.
கூட்டுறவு வங்கியில்
"வீட்ல பெரியவங்க யாரும் வரலியா?"
ஓட்டுப் போட்ட மை
விரலில் அழியாமல் இருந்தபோதும் கேட்டார்கள்.

இரண்டு ஞாயிறு கேரட் கழுவிய கூலி.
அதை எடுத்துக்கொண்டு ஊட்டி மார்க்கெட்டின் பின்பக்கம்
தார்ப்பாய் விரித்துக் கொட்டிய
பழந்துணிக் குவியலில் கைவிட்டேன்.
முந்நூற்றைம்பது என்றார்.
பொத்தான் ஒன்று இல்லை என்றேன்.
குளிருக்குப் பொத்தான் கணக்கு தெரியுமா என்றார்.
இருநூற்றிருபதுக்கு வந்தது
பழுப்புக் கோட்டு.
என் தோள் முடிந்த பிறகும்
அதன் தோள் இரண்டு விரற்கடை போனது.
உள்பையில் ஏதோ தேசத்து ரயில் சீட்டு,
எழுத்துத் தெரியவில்லை,
நடுவில் ஓர் ஓட்டை.

"யார் செத்து வித்ததோ" என்று
அம்மா வெந்நீரில் மூன்று முறை முக்கினாள்.
நான்கு நாள் காயவில்லை.
ஐந்தாம் நாள் ஈரத்தோடே போட்டுக்கொண்டு போனேன்.

"இன்ஷூரன்ஸ் போடச் சொல்ல வந்தவ மாதிரி இருக்கே"
என்றாள் பிந்துராணி.
சிரிக்கவில்லை நான்.
கோட்டுக்குள் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.
பாட்டனி வராந்தாவில் உட்கார்ந்திருந்த பையன்கள்
மொத்தமாக எழுந்து
"குட் மார்னிங் மேடம்."
தலையை அசைத்துவிட்டுப் போனேன்.
இதில் பொய் எங்கே இருக்கிறது,
விடியற்காலை நல்லதாகத்தானே இருந்தது.

படிக்கட்டில் மறித்தாள்
மூக்கு சிவந்த முதல் வருஷத்துப் பெண்.
பேர் மகிழ்மதி.
ஹால் டிக்கெட்டில் மகிழ்பதி.
"நாலு தடவை போனேன் மேடம், அப்புறம் வாங்கறாங்க."
நான் மேடம் இல்லை என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
"வா" என்று வந்தது.

ஆபீஸில் அதே கிளார்க்.
ஸ்காலர்ஷிப்புக்காக நான் பதினொரு முறை நின்ற
அதே மேஜை.
"வாங்க, உக்காருங்க."
அங்கே நாற்காலி இருப்பதே
அன்றைக்குத்தான் தெரியும்.
உட்கார்ந்தேன். ஓர் ஆணி குத்தியது.
அசையவில்லை.
'ப' வை அடித்தார், 'ம' எழுதினார்,
சீலை ஊதி ஊதிக் குத்தினார்.
அந்தப் பெண் நன்றிகூடச் சொல்லாமல்
காகிதத்தோடு ஓடிப்போனாள். நல்ல பிள்ளை.

"எந்த டிபார்ட்மென்ட்டுக்குப் புதுசா வந்திருக்கீங்க?"
"பி.காம், தேர்ட் இயர்."

சீலை மை உறிஞ்சும் துணிமேல் வைத்தார்.
கோட்டைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.
எழுந்திருக்கச் சொல்ல அவருக்கும் வரவில்லை,
எழுந்திருக்க எனக்கும் வரவில்லை.
என் ஸ்காலர்ஷிப் என்றேன்.
"அப்புறம் வா..."
நாக்கு கொஞ்சம் தடுமாறி
"ங்க" என்று முடித்தார்.

மாலை பஸ்ஸில் பாஸை நீட்டினேன்.
போட்டோவில் மெரூன், இரட்டை ஜடை.
கண்டக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"தங்கச்சி பாஸ எடுத்துட்டு வந்துட்டீங்களா?"
பதினாறு ரூபாய்.
சில்லறை எண்ணிக் கொடுத்து
டிக்கெட்டை உள்பையில் போட்டேன்,
அந்த இன்னொரு சீட்டின் பக்கத்தில்.

மறுநாள் விடிவதற்கு முன்பே
கேரட் கழுவப் போன அம்மா
ஆணியில் தொங்கியதை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.
தோள் அவளுக்கும் பெரிதுதான்.
மேட்டில் நின்று பார்த்தேன்,
பனிக்குள் லாரி விளக்கில்
யாரோ ஓர் அதிகாரி குனிந்து
மூட்டை புரட்டுவது போல.

மெரூனை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.
"பாப்பா, உள்ள போ."
பாஸும் முகமும் சரியாக இருந்தன.