பயன்பாட்டில் உள்ளது

பிரிவினைப் பத்திரத்தில் எல்லாம் இருந்தது.
வீடு ஓடெத்துக்கு. பிக்கப் வண்டி எனக்கு.
முக்காலியும் கோணமானியும் எனக்கு.
விறகடுப்பு அவளுக்கு;
அதன் புகைக்குழாயை வருடாவருடம் சுரண்டியவன் யார் என்று
எந்தப் பிரிவிலும் இல்லை.
நாயைப் பற்றி நோட்டரி கேட்கவேயில்லை, அது ஏற்கெனவே
அவள் செருப்பின் மேல் படுத்திருந்தது.

மென்பொருளை மறந்துவிட்டோம்.

நில வரைபடம் வரைகிற மென்பொருள்.
திருமணமான மூன்றாம் வருடம், தவணையில்,
இரண்டு பேரின் பெயரும் சேர்ந்த கம்பெனிக்கு வாங்கியது.
இரண்டு கணினிகளில் நிறுவலாம்.
ஒரு நேரத்தில் ஒன்றில்தான் திறக்கலாம்.
ஒரே கூரையின் கீழ் அது நிபந்தனையாகவே தெரியவில்லை.
"முடிச்சாச்சா?" என்று
சுவரைப் பார்த்துக் கத்தினால் போதும்.

இப்போது அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தேஹா தீவில்.
நான் இந்தப் பக்கம், வால்டிவியா மீன் சந்தைக்குப் பின்னால்,
கடற்சிங்கங்கள் விடிய விடிய ஏப்பம் விடுகிற தெருவில்.
திறக்கிறேன். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி:
இந்த உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது.
கணினியின் பெயர்: ஓடெத்-சமையலறை.

அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்.
உருளைக்கிழங்கு வேகிற நேரத்தில்
அவள் எல்லைக்கோடு போடுவாள்.

முதல் மாதம் திட்டினேன்.
ரான்கோ ஏரிக்கரையில் பதினாறு மனைகள், வெள்ளிக்கிழமை கெடு.
கம்பெனிக்கு எழுதினேன். மறுநாளே பதில், மிக மரியாதையாக:
ஒரே நேரத்தில் இருவர் என்றால் இரண்டு உரிமங்கள்.
விலையைப் பெசோவில் மாற்றிப் பார்த்தேன்.
வண்டியை விற்றால் பாதி தேறும்.

பிறகு தானாகப் படிந்தது, யாரும் பேசாமல்.
காலை அவளுடையது. மதியம் இரண்டுக்கு மேல் என்னுடையது.
இரவு, முந்தியவருக்கு.
ஞாயிற்றுக்கிழமையிலும் பெட்டி வந்தால்
அவளுக்குப் பணமுடை என்று தெரிந்தது.
மூன்று மணிக்கு வந்தால், தூக்கமில்லை என்று.
ஒருமுறை திறந்தபடியே விட்டுத் தூங்கிப்போனாள் போல.
"மூடு" என்று செய்தி அனுப்பினேன்.
காலையில், "மூடிட்டேன்."
அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

ஆகஸ்டில் பதினொரு நாள் விடாத மழை.
பதினொரு நாளும் பெட்டி வரவில்லை.
முதல் நாள் கும்மாளம்; மூன்று வரைபடம் முடித்தேன்.
ஐந்தாம் நாள், வேலையில்லாமலே
திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
ஒன்பதாம் நாள் இரவு முழுக்கத் திறந்தே வைத்தேன்.
வெளியே நின்று தட்டுகிறவள்
"மூடு" என்றாவது சொல்லுவாளே.
சொல்லவில்லை.
கடற்சிங்கங்கள் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டாம் நாள் காலை, பழக்கத்தில் அழுத்தினேன்.
பெட்டி.
கணினியின் பெயர்: ஓடெத்-ஜன்னல்.

புதுக் கணினி. பழையதில் சூப் கொட்டியிருக்கலாம்.
மூன்றாவதைச் சேர்க்க வேண்டுமென்றால்
இருக்கிற இரண்டில் ஒன்றை நீக்கியாக வேண்டும்.
கடவுச்சொல் எங்கள் இருவருக்கும் தெரியும்,
நான் மாற்றவில்லை, அவளும் மாற்றவில்லை.
பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.
'நிவால்டோ-கராஜ்' இருந்தது.
சமையலறை போயிருந்தது.

மேசை போடுகிற அளவுக்கு அந்த வீட்டில்
ஒரே ஒரு ஜன்னல்தான், ஆற்றைப் பார்த்து.
வடக்குக் காற்றுக்கு மேல் மூலை கசியும்.
பூசுகிறேன் பூசுகிறேன் என்று நான்கு வருடம் சொன்னேன்.

"அந்த ஜன்னல் ஒழுகும்," என்று அனுப்பினேன்.
"தெரியும். பக்கெட் வச்சிருக்கேன்."
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று:
"இன்னைக்கு ரெண்டு மணி வேண்டாம்,
நாலுக்கு எடுத்துக்கோ."