இருபத்தைந்தா முப்பத்தைந்தா

முதலில் வங்கி.
கண்ணாடி அறைக்குள் அந்தப் பையன்
இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டான்.
வீவக வீட்டின் மேல் ரொக்கம் தருவதற்கில்லையாம்,
கொண்டோவாக இருந்தால் பேசலாமாம்.
"அடுத்த பிறவியில் கொண்டோவோடு வர்றோம்" என்று
எழுந்தாள் கோமளவல்லி,
மேசை மேலிருந்த மிட்டாயில் இரண்டை எடுத்துக்கொண்டு.

பிறகு, நடு அறையை வாடகைக்கு விடும் யோசனை.
பார்க்க வந்தவள் மியன்மார்க்காரி, தாதி,
செருப்பை ஒழுங்காய் ஓரம் வைத்தாள்.
இரவு வேலை, பகலில் தூங்குவேன் என்றாள்.
எங்கள் சண்டை எல்லாமே பகலில்தான்.
யாரோ தூங்குகிற வீட்டில்
கிசுகிசுத்தா சண்டை போடுவது?

விற்றுவிட்டு ஈரறைக்குப் போங்கள் என்று
பெர்த்திலிருந்து மகள் அட்டவணை அனுப்பினாள்,
மூன்று நிறங்களில்.
ஈரறை வரைபடத்தில்
எங்கள் கட்டிலைப் போட்டுப் பார்த்தேன்.
கதவு திறக்கவில்லை.

கடைசியில் தோ பாயோ.
வரிசை எண் வந்ததும் திருவாட்டி ரோஹானா
ஒரு தாளில் நீளமாய்க் கோடு இழுத்தார்.
இது உங்கள் குத்தகை, மீதம் ஐம்பத்தொன்பது வருடம்.
வால் பக்கத்தை எங்களுக்கு விற்கலாம்,
தலைப் பக்கத்தில் நீங்கள் குடியிருக்கலாம்.
பணம் மசேநிதிக்குள் போய்
மாதாமாதம் திரும்பி வரும்.
எத்தனை வருடம் வைத்துக்கொள்கிறீர்கள்?
இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து.

கப்பல் பட்டறையில் வெல்டிங் இணைப்புகளைத் தட்டிப் பார்த்து
எது எத்தனை காலம் தாங்கும் என்று
கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியவன் நான்.

"இருபத்தைந்து போதும்" என்றேன்.
குறைவாய் வைத்தால் கூடுதல் பணம்.
எனக்கு எழுபத்துமூன்று,
தொண்ணூற்றெட்டுக்கு மேல் என்ன வேலை?

"முப்பத்தைந்து" என்றாள், என்னைப் பார்க்காமல்.
"நூற்றாறு வயசு வரைக்குமா?"
"நீங்க உங்க கணக்குல போங்க.
நான் மெதுவா வர்றேன்."

திருவாட்டி ரோஹானா கால்குலேட்டரைத் தட்டினார்.
அவள் கூடுதலாய் இருக்க நினைத்த பத்து வருடத்துக்கு
மாதம் இத்தனை வெள்ளி குறையும்.
பெரிய தொகையில்லை,
கோப்பிக் கடையில் நாலு பேர் சாப்பிடுகிற காசு.
அதுதான் என்னவோ செய்தது எனக்கு.

யோசித்துச் சொல்கிறோம் என்று
படிவத்தை மடித்து வாங்கிக்கொண்டோம்.
ரயிலில் அவள் என் தோளில் தூங்கினாள்,
அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள்.

புக்கிட் பாத்தோக்கில் இறங்கியதும்
சமையலறை விளக்கு மூன்று நாளாய் மினுக்குதே என்று
புளோக்குக்குக் கீழே திரு ஆங் கடைக்குள் நுழைந்தாள்.
பல்பு பெட்டியில் போட்டிருந்தது:
பதினைந்து வருடம் எரியும்.
கண்ணாடியை மாட்டி மறுபடி படித்தாள்.
இரண்டு எடுத்தாள்.
மூன்றாவதைக் கையில் தூக்கிப் பார்த்து,
என்னையும் ஒருமுறை பார்த்து,
வைத்துவிட்டாள்.