வாயு என்ற கட்டத்தில்

ஆயுத பூஜைக்கு முதல் நாள்
கப்பலூரில் எங்கள் சிலிண்டர் தீர்ந்தது.
ஏஜென்சிக்காரர் போனை எடுக்கவில்லை.
மிதவைத் தொட்டிக்கு ஏற்கெனவே சந்தனம் வைத்தாயிற்று,
மோட்டார் மூடிமேல் ஒரு எலுமிச்சம்பழம்.

அரைத்த கல் காத்திருக்காது.
இட்லி மாவு மாதிரிதான்,
ஒரு ராத்திரி வைத்தால் அதன் மேனி கெட்டுப்போகும்.

காற்றையே ஊதுவோம் என்றாள் ஒச்சம்மா.
ஊதினோம்.
செம்புக் கந்தகத்தை அடியில் உட்கார வைக்கத்தான்
அழுகிய முட்டை நாற்றம் பிடித்த அந்த மருந்து.
காற்றிலிருந்த ஆக்சிஜன் அதைத் தின்றுவிட்டது.
மைனஸ் நானூற்றெண்பதில் நின்ற மீட்டர்
மைனஸ் இருநூறுக்கு ஏற,
கீழே இரு என்று சொல்லிவைத்த செம்பெல்லாம்
பித்தளை மினுக்கோடு
மாலிப்டினத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு
மேலே வந்தது.

நாம் மூச்சு விடுவதுதான்.
அதையா குறை சொல்வது?

சுங்கச்சாவடி தாண்டி ஜமால் மைதீன் டயர்க் கடை.
‘இங்கு நைட்ரஜன் அடிக்கப்படும்.’
எந்த வண்டிக்கு என்றார்.
கல்லுக்கு.
அவர் சிரிக்கவில்லை.
பழைய டிராக்டர் டியூப் ஒன்றை உருட்டி வந்தார்.
நிரப்பிக் காலி செய்து,
நிரப்பிக் காலி செய்து,
மூன்றாம் முறை நிரப்பி மூடியைத் திருகி
பஞ்சர் ஒட்டிய இடத்தில் எச்சில் தொட்டுப் பார்த்தார்.

என் டிவிஎஸ் ஐம்பதின் பின்னால்
டியூபுக்குள் தலையை நுழைத்து
மாலை போட்டதுபோல் உட்கார்ந்து வந்தாள் ஒச்சம்மா.
திருமங்கலம் பஸ்ஸில் எல்லாரும்
ஒரே பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

புதிதாக ஒரு படி கல் அரைத்து
குழாயை மாட்டினோம். அழுத்தம் போதவில்லை.
அவள் டியூப்மேல் ஏறி உட்கார்ந்தாள்
பூஜைக்கு வாங்கிய பொரியைக் கொறித்தபடி.

குமிழிகள்.
எதையும் மாற்றாத, எதோடும் சேராத
அந்தச் சோம்பேறி வாயு
வெறுமனே ஏறிப் போனது.
செம்பு கிடந்தது.
பென்சில் தூள் நிறத்தில், எண்ணெய் வழவழப்பில்
நுரை மட்டும் விளிம்பு தாண்டி வழிந்தது.

முழுதாகச் சொல்லவேண்டும் என்றால்
டயர்க் கடை நைட்ரஜனில் நூற்றுக்கு நாலைந்து
இன்னும் ஆக்சிஜன்தான்.
ஏழாம் நிமிடம்
நுரையோரம் மெல்லிய மஞ்சள் கோடு.
கல் அதையும் கணக்கு வைத்திருந்தது.

பதிவேட்டில் ‘வாயு’ என்ற கட்டத்தில்
என்ன எழுத?
ஒச்சம்மா இன்னும் இறங்கவில்லை.
பாதி சப்பிய டியூபில் லேசாக ஆடிக்கொண்டு
ஜமால் மைதீன், என்றாள்.

எழுதிவிட்டேன்.