நாற்பத்தோராம் பக்கம்

கண்ணாஸ்பத்திரியிலிருந்து கோல்.
"முழுப் பைலையும் படமெடுத்து
வட்ஸ்அப்பில போடுங்கோ, மிஸ்.
நாளைக்குக் காலமை ஒப்பரேஷன்."

பம்பலப்பிட்டிக் கடலின் உப்பு
பதிவறையின் இரும்புத் தட்டுகளைத்
தின்றுகொண்டிருக்கிறது.
மேல்தட்டிலிருந்து அவளை இறக்கினேன்.
பேர் சொல்லமாட்டேன்.

சீனி, பிறஷர், போன மாத ஈ.சி.ஜி.
போகலாம்.
கண்ணில் கத்தி வைப்பவருக்கு வேண்டியவைதான்.

நாற்பத்தோராம் பக்கத்தில் கை நின்றது.
ஊசியொன்று ஒத்துக்கொள்ளாமல்
உடம்பெல்லாம் தடித்து, மூச்சடைத்து,
அவள் பிழைத்த இரவு.
அந்த ஊசி எதற்காக என்பதும்
அதே மையில்
அதே வரியில்.

ஊசியை மறைத்தால் நாளைக்கு அவள் இல்லை.
வரியை அனுப்பினால்
அங்கே மூன்றாம் வார்ட்டில்
அவளுடைய மச்சாள் நேர்ஸ்.

டொக்டர் பரராஜசேகரம்
சோற்றுப் பார்சலை மூடிவைத்துவிட்டு வந்தார்.
வாசித்தார். என்னைப் பார்க்கவில்லை.
புதுத்தாளில் எழுதினார்:
பெனிசிலின் கூடாது. உயிராபத்து.
கையொப்பம். சீல்.

அவளுக்கே அழைத்தேன்.
"இதை அனுப்பலாமா?"
நெடுநேரம் காலி வீதி பஸ் ஹோர்ன் மட்டும்.
பிறகு,
"அது மட்டுந்தானே?"
"அது மட்டுந்தான்."

கண்ணாஸ்பத்திரி திரும்பக் கேட்டது:
"எப்ப வந்தது? ஏன் அந்த ஊசி போட்டவை?"
"கூடாது எண்டது போதும், சேர்."

பைல் தட்டுக்கு ஏறிவிட்டது.
நான்தான் இன்னும் இறங்கவில்லை.

இரவு, மீன் பொரிக்கிற புகைக்குள்ளிருந்து
இவர் கேட்கிறார்,
"இண்டைக்கு என்ன புதினம்?"

"ஒண்டுமில்லை.
கடல்தான் கொஞ்சம் கொந்தளிப்பு."