வலிக்கும்போது

எப்போது வலிக்கிறது என்றேன்.
வலிக்கும்போது என்றாள் ரன்வா,
இல்லாத துடுப்பொன்றை
மார்புவரை இழுத்துக் காட்டி.

பத்துக்கு எத்தனை?
இரண்டு.

இடப்பக்கம், அக்குளுக்கு ஒரு சாண் கீழே
விலா எலும்பில் கட்டைவிரலை வைத்தேன்.
முகம் அசையவில்லை.
விடியலிலிருந்து மீன் ஆலையில்
சால்மன் அறுக்கும் முகம் அது.
கட்டிலின் கடைக்கோடியில்
கம்பளி உறைக்குள்
கால்விரல் பத்தும் சுருண்டன.
விரல்கள் ஏழு என்றன.

கிளாக்ஸ்விக்கில் எல்லாரும் இப்படித்தான்.
மழையை ஈரம் என்பார்கள்,
புயலைக் காற்று என்பார்கள்.
பதினொரு வருடமாக
வாயைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்,
பாதத்தைக் கேட்டு முடிவெடுக்கிறேன்.

கடலடிச் சுரங்கம் வழியே தலைநகர் போய்
படம் எடுத்து வந்தாள்.
எலும்பில் ஒரு மயிரிழை.
யாரும் அடிக்கவில்லை, எங்கும் விழவில்லை.
எட்டுக் கோடைகள் ஒரே பக்கத் துடுப்பு.
தசை இழுத்த இழுப்புக்கெல்லாம்
வளைந்து கொடுத்த எலும்பு
ஒருநாள்
கொடுத்தது போதும் என்றது.

ஆறு வாரம் என்றேன்.
போட்டிக்கு நாலே வாரம் என்றாள்.

மாலையில் பயிற்சியாளர் தோர்மோவுர் வந்தார்,
தொப்பியைக் கழற்றாமல்.
நாடா சுற்றி அனுப்பக் கூடாதா?

அனுப்பலாம்.
மூன்று கோடைக்கு முன் ஒருத்தியின் தோளை
அப்படித்தான் அனுப்பினேன்.
இன்று அவள் தன் குழந்தையை
வலக்கையால் மட்டும் தூக்குகிறாள்.
தெருவில் என்னைக் கண்டால் சிரிக்கவும் செய்கிறாள்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
முடியாது என்றேன், அவ்வளவுதான்.

வெந்நீர்க் குழாயில் ரப்பர் பட்டை கட்டினோம்.
தோள்பட்டையை விலாக்கூண்டோடு
ஒட்டிவைக்கும் தசை ஒன்று,
ரம்பப் பற்கள் போலிருக்கும்.
அது உறங்கிப் பல நாளாகிறது.
சுவரைத் தள்ளு. இன்னும் கொஞ்சம்.
சுவர் நகராது, நகர வேண்டியது நீ.
மூச்சைக் கீழே இறக்கு. திரும்பவும்.
கேட்க அலுப்பு.
செய்ய அதைவிட அலுப்பு.

மூன்றாம் வாரம்
முழங்கை சுவரில் இருக்க
என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
மற்றவர்களைப் பார்த்தாயா?

படகுக் கொட்டகையில்
தார் வாசத்துக்கு நடுவே
ஐந்து பேரையும் விரிப்பில் படுக்கவைத்தேன்.
இரண்டு. இரண்டு. ஒன்று. இரண்டு.
யோருன் மட்டும் சுழியம் என்றாள்.
காலுறையைக் கழற்றுங்கள் என்றேன்.

பத்துப் பாதங்கள்.
நான்கு சுருண்டன.
அதில் இரண்டு யோருனுடையவை.

ஜூலைக் கடைசியில்
மூன்று மாற்று ஆட்களோடு
கடல்காகம் என்ற அந்தப் படகு
ஏழில் ஆறாவதாக வந்தது.
அதன்பின் இரண்டு மாதம்
என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போனார் தோர்மோவுர்.

ரன்வா துறைமுகச் சுவரில் நின்றிருந்தாள்.
துடுப்பு வலிப்பவர் எப்போதும்
போகுமிடத்துக்கு முதுகு காட்டி அமர்பவர்.
எட்டு வருடத்தில் முதல்முறையாக
படகு போகும் திசையை அவள் பார்த்தாள்.
நாங்கள் இவ்வளவு வேகமா என்றாள்,
ஆறாவதாக வந்த படகைப் பார்த்து.

அக்டோபரில் கடைசித் தடவை வந்தாள்.
கோட்டிலிருந்து ஆட்டுமயிர் பறந்திருக்க வேண்டும்.
மூக்கு துடித்தது,
கை பழக்கத்தில் விலாவைப் பற்றியது,
மூன்று மாதம் அடக்கி வைத்த தும்மல்
சன்னல் அதிர வெளியே வந்தது.

இருவரும் அப்படியே இருந்தோம்,
பின்னால் வரவேண்டியதற்குக் காத்து.
கூரையில் மழை. அறையில் ஒன்றுமில்லை.

எத்தனை என்றேன்.
வாய் தவறி
இரண்டு என்றாள்.

விரல்களைப் பார்த்தேன்.
சும்மா இருந்தன.