நல்ல தண்ணி

நயினாதீவிலிருந்து கடைசிப் படகில் திரும்பினோம்.
குறிகட்டுவான் துறையில் பஸ் போய்விட்டிருந்தது.
கபிலன் என் தோளில் வாந்தியெடுத்து முடித்து
நனையாத இடம் தேடிக் கன்னம் வைத்திருந்தான்.
ஆதவி மூன்று பாஸ்போர்ட்டுக்கும் ரப்பர் பேண்ட் போட்டு
நெஞ்சோடு பிடித்திருந்தாள்.
கரூரில் கிளம்பியதிலிருந்து அது அவள் வேலை.

யாழ்ப்பாணம் போக எவ்வளவு என்றேன்.
மரியசீலன் தன் ஓட்டோவின் முன்விளக்கைத் தட்டிக் காட்டினார்.
எரியவில்லை.
"இருட்டுக்க தாம்போதியால ஓடமாட்டன்.
பிள்ளையளோட எங்க நிக்கப்போறியள்? வீட்ட வாங்கோ.
காலமை கொண்டுபோய் விடுறன்."

முன்பின் தெரியாத வீடு. வேறு நாடு.
வேறொருத்தி இப்படிப் போனாள் என்று கேட்டிருந்தால்
நானே திட்டியிருப்பேன்.
ஏறி உட்கார்ந்தேன்.

எமில்டா யார் எவர் என்று கேட்கவில்லை.
கேட்டது ஒன்றுதான்:
"பிள்ளையள் உறைப்புத் தின்னுவினமோ?"
ஆதவி என்னைப் பார்த்தாள். நான் ஆதவியைப் பார்த்தேன்.
சொந்த மொழியிலேயே நாங்கள் இருவரும் ஃபெயிலான அந்த நொடியில்
கபிலன் சொன்னான்,
"காரம் வேணாம் ஆன்ட்டி."

இடியப்பம், சொதி.
குழம்பு மீனில் ஒரு துண்டைச் சொதியில் கழுவி
முள் நீக்கி அவன் தட்டில் வைத்தாள்.

போரைப் பற்றிப் பேச்சு வந்தால்
முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று
விமானத்திலேயே யோசித்து வந்திருந்தேன்.
அவள் கேட்டதெல்லாம்
சென்னை சீரியலில் அந்த மூத்த மருமகள்
கடைசியில் வீட்டைவிட்டுப் போவாளா, மாட்டாளா.
எனக்குத் தெரியவில்லை.
"அங்க இருந்துகொண்டு பாக்கிறேல்லையோ?"
உண்மையிலேயே ஏமாற்றம் அவளுக்கு.

கிணறு உவர் என்றாள்.
கபிலன் கழுத்தில் வேர்க்குரு சிவந்திருப்பதைக் கண்டு
குசினிக்குள் போய் நீலக் கானைத் தூக்கிவந்தாள்.
பவுசர் வெள்ளிக்கிழமைதான் வரும்.
அன்று செவ்வாய்.
வேண்டாம் வேண்டாம் என்றேன்.
வாளியில் விழும் ஒவ்வொரு கோப்பையும்
எனக்கு எண்ணிக்கையாகக் கேட்டது.
அவளுக்கு அப்படிக் கேட்டதாய்த் தெரியவில்லை.
அவன் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலை எங்களுக்கு விட்டுவிட்டு
அவர்கள் கூடத்தில் பாயில் படுத்தார்கள்.
விடியுமுன் மெத்தை நனைந்திருந்தது.

போர்வையைச் சுருட்டிக்கொண்டு
திருடிபோலக் கிணற்றடிக்குப் போனேன்.
கப்பி கத்திக் காட்டிக்கொடுத்தது.
எமில்டா கொண்டையை முடிந்தபடி வந்து
மறுமுனையைப் பிடித்தாள்.
நான் வலமும் அவள் இடமுமாகத் திருக
துணி முறுகாமல் சும்மா சுழன்றது.
சிரித்துவிட்டோம்.
பிறகு அவளும் வலம்.
உவர்த் தண்ணீர் நாலு காலிலும் கொட்டியது.
"எங்கட மூத்தவள் பத்து வயசு மட்டும்," என்றாள்,
"இப்ப பாங்கில வேலை."
மெத்தையை இருவருமாகத் தூக்கி மதிலில் போட்டோம்,
தெருவுக்கு ஈரம் தெரியாத பக்கமாக.

கிளம்பும்போது பணத்தை நீட்டினேன்.
மரியசீலன் ஓட்டோவுக்கு உள்ளதை எண்ணி எடுத்தார்,
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
மீதியைத் திருப்பி என் கையில் வைத்தார்.
சாப்பாட்டுக்கு, என்று தொடங்கினேன்.
"உங்களுக்கென்ன விசரே?"
எமில்டாவுக்கு வந்தது நிஜக் கோபம்.
ஆதவி பாஸ்போர்ட்டுகளை எண்ணிச் சரிபார்த்தாள்.

ஊருக்கு வந்து ஒன்பதாம் நாள்
மறுபடியும் நனைத்துவிட்டான்.
நான் வாய் திறக்குமுன்,
"எமில்டா ஆன்ட்டின்னா ஒண்ணும் சொல்லமாட்டாங்க"
என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வாஷிங் மெஷின் இருக்கிறது.
ஏனோ மாடிக்கு எடுத்துப்போய்ப் பிழிந்தேன்.
ஒற்றை ஆளுக்குப் பெரிய போர்வை.
ஆதவி பல் துலக்கிய வாயோடு வந்து
மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்தப் பக்கம்மா திருகணும்?"