எட்டுக் கால், பேரில்லை

சாமளாபுரம் நாச்சிமுத்து கொண்டுவந்து வைத்த தறி போர்டில்
ஒரு ஐ.சி.க்கு மட்டும் பேர் இல்லை.
எட்டுக் கால். புளியங்கொட்டை அளவு கறுப்பு.
மேலே இருந்த எழுத்தை யாரோ
உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

"ஊடை அறுந்தாலும் நிக்கறதில்லைங்.
வெறும் பாவுலயே ஓடிக் கெடக்குதுங்.
நூறு மீட்டர் துணி போச்சுங்."
காலை ஷிப்டுக்குள் வேணுமாம்.

விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
வாயால் ஊதினேன், ஆவி படிந்தால் சில நேரம் எழுத்து எழும்.
பர்ஸில் மடித்து வைத்திருந்த மருதமலைத் திருநீற்றைத்
தொட்டுப் பூசித் துடைத்தேன்.
லேசர் எழுத்தென்றால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும்.
நின்றது, எழுத்தில் அல்ல, கீறல்களில்.
வலது ஓரத்தில் மட்டும் வளைவாக ஏதோ ஒன்று:
மூன்றின் வயிறோ
எட்டில் பாதியோ.

பேர் சொல்லாத ஆளிடம்
யாருக்குப் பங்காளி, யாருக்கு மாமன் மச்சான்
என்று கேட்கிற மாதிரி
ஒவ்வொரு காலாக மீட்டரை வைத்து விசாரித்தேன்.
நாலு, கிரவுண்டு.
எட்டுக்கு ஐந்து வோல்ட் வருகிறது.
இரண்டில் ஊடை சென்சாரின் மஞ்சள் கம்பி.
மூன்றில் ஒரு பிரீசெட், அசையாமலிருக்க நெயில்பாலிஷ் வைத்தது.
இந்த அங்க அடையாளத்துக்கு இரண்டு பேர் உண்டு,
முந்நூற்று ஐம்பத்தெட்டு,
முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
கால்கள் அச்சாக ஒன்று. வேலைதான் வேறு.

ஒன்றாம் கால் காட்டிக்கொடுத்தது.
அதிலிருந்து ஒரு பத்து கே,
பழுப்பு கறுப்பு ஆரஞ்சு,
நேராக ஐந்து வோல்ட்டுக்கு ஏறுகிறது.
கீழே இழுக்க மட்டும்தான் இதற்குத் தெரியும்,
மேலே போக யாராவது தூக்கிவிட வேண்டும்.
அப்படியென்றால் மூன்று.
ஒப்பிட்டுப் பார்த்து
ஊடை இருக்கு, ஊடை இல்லை
என்று இரண்டே பேச்சு பேசுவது.

கழற்றுவதற்குப் போர்டைத் திருப்பினேன்.
பின்பக்க மூலையில் நீல மார்க்கரில்
பூ.கோ. 3/16.
பூங்கோதை. என் கையெழுத்து.

அதற்குப் பிறகுதான் கீறலின் சாய்வைப் பார்க்கிறேன்.
இடக்கைக்காரி தேய்த்த சாய்வு.
கருமத்தம்பட்டி சூசை என் வேலையைக் காப்பியடிக்கிறார் என்று
அந்த வருசம் தொட்ட போர்டில் எல்லாம் பேரை அழித்தேன்.
ஐம்பது இருக்கும்.
எங்கேயும் குறித்து வைக்கவில்லை.
எனக்கா மறக்கப் போகிறது?

டப்பாவில் ஐம்பத்தெட்டு ஏழெட்டு கிடக்கிறது.
தொண்ணூற்று மூன்று ஒன்றுகூட இல்லை.
ஞாயிறு ராத்திரி எட்டரை, காந்திபுரம் பூட்டிக் கிடக்கும்.
எட்டு வருசமாக அமுக்காத நம்பரை அமுக்கினேன்.

"என்ன ஐ.சி.ங்?"
சொன்னேன்.
அந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தம்.
"அட, அதுங்களா அது?
அந்த மாதிரி மூணு போர்டு எனக்கு வந்துச்சுங்.
ஐம்பத்தெட்டுன்னு நெனச்சுப் போட்டேன்.
நின்னா நிக்குது, நிக்காட்டி நிக்கலை.
ரெண்டு பேரு காசே குடுக்கலீங்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"பையன வண்டில அனுப்பறேன். பதினோரு ரூவா."

பற்ற வைத்து, சென்சார் முன்னால் பிடித்த நூலை விட்டேன்.
ரிலே டக்கென்றது.
புதிய ஐ.சி.யின் முதுகில் எண் பளிச்சென்று தெரிந்தது,
மூடியைப் போட்டு முடுக்கினேன்.
பில்லில் 'ஐ.சி. ஒன்று' என்று எழுதி, நிறுத்தி,
பக்கத்திலேயே எண்ணையும் எழுதினேன்.

மீதி நாற்பத்தொன்பது
தெக்கலூரிலோ பல்லடத்திலோ
இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.
எது எங்கே என்று எனக்கும் தெரியாது.